மூன்று மனுக்கள் கொடுத்தும் பாலம் வரவில்லை: சட்டமன்ற உறுப்பினரைச் செயல்பட வைக்க என்ன வழி?

கேள்வி: ஓடைக்கரைவாசி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊரில் ஏறக்குறைய 300 குடும்பங்கள் இருக்கின்றன. ஊருக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு காட்டோடை ஓடுகிறது. அதன் குறுக்கே எப்போதோ போட்ட தரைப்பாலம் ஒன்றுதான் எங்களுக்கு வழி. கோடையில் அதன் மேல் டிராக்டரும் போகும், பள்ளி வேனும் போகும். ஐப்பசியில் மழை பிடித்து, மேற்கே இருக்கும் இரண்டு ஏரிகளும் மறுகால் பாயத் தொடங்கிவிட்டால், தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடும். அப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கடக்கிறார்கள். சென்ற கார்த்திகையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கால் வழுக்கி விழுந்து, பத்தடி தூரம் இழுத்துச் செல்லப்பட்டாள். கரையோரத்துக் கருவேல வேர் கைக்குச் சிக்கியதால் பிழைத்தாள். அவள் என் தம்பி மகள்.

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு இதுவரை மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறோம். முதல் மனுவை ஒரு திருமண மண்டபத்தில் நேரில் கொடுத்தோம். வாங்கி உதவியாளரிடம் தந்துவிட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாவதைத் தொகுதி அலுவலகத்தில் கொடுத்தோம். மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்தோம். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து மட்டும் ஒரு பதில் வந்தது. மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஊராட்சித் தலைவர் மூலமாகப் போகலாம் என்றால், எங்கள் மாவட்டம் 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஒன்று. தலைவர், வார்டு உறுப்பினர்கள் எல்லோருடைய பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போய்விட்டது. ஆக, நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களில் கூப்பிடு தூரத்தில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே.

எங்கள் ஊரில் எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இருப்பவர் யாரும் இல்லை. பணமும் இல்லை, சாதி பலமும் இல்லை. தேர்தல் வரும்போது பாடம் புகட்டுங்கள் என்ற அறிவுரையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அடுத்த மழைக்குள் என்ன செய்யலாம் என்பதே என் கேள்வி. சாதாரண மக்கள் சொல்வதை ஒரு மக்கள் பிரதிநிதி கேட்டு நடக்க, உண்மையில் பலன் தந்த வழி எது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஒன்றிய ஊழியர்

வணக்கம் ஐயா. குழந்தை பிழைத்தது பெரிய ஆறுதல்.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன். உங்களைப் போன்றவர்களின் மனுக்கள் கடைசியில் வந்து சேரும் மேசையில் இருந்தவன் என்பதால், அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். "எங்கள் ஊருக்குப் பாலம் கட்டித்தர வேண்டுகிறோம்" என்று ஒரு மனு வந்தால், அதைப் படிப்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, இந்தச் சாலை யாருடையது என்பதுதான். அது ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் இருக்கும் இதர மாவட்டச் சாலையா என்பது மனுவில் இல்லாவிட்டால், அது எங்கள் அலுவலகத்திலிருந்து நெடுஞ்சாலைத் துறைக்கும், அங்கிருந்து நீர்வளத் துறைக்கும், மறுபடி எங்களுக்கும் சுற்றும். ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் போவதால், ஏடுகளின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டதாகவே இருக்கும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், பாலமும் வந்திருக்காது.

எனவே உங்கள் வேலை சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் அல்ல, ஒன்றிய அலுவலகத்தின் சாலைப் பதிவேட்டில் தொடங்க வேண்டும். சாலையின் பெயர், நீளம், எந்த வகையைச் சேர்ந்தது, கடைசியாக எப்போது பணி நடந்தது என்பவை அதில் இருக்கும். ஓடை புறம்போக்கு யார் பொறுப்பில் உள்ளது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நீர்வளத் துறையின் ஓடை என்றால், பாலம் கட்டுவதற்கு அவர்களுடைய தடையின்மைச் சான்று தேவைப்படும். பல ஊர்களில் பணம் ஒதுக்கிய பிறகும் இந்தச் சான்றுக்காகவே வேலை நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பணம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணம் அவர் கையில் இருப்பதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி வழங்குவார். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இதே முறையில் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் உண்டு. அத்திட்டம் 1993 முதல் நடப்பில் இருக்கிறது. சிறிய குழாய்ப் பாலம் என்றால் தொகுதி நிதியிலிருந்தே கேட்கலாம். தூண் எழுப்பிக் கட்டும் உயர்மட்டப் பாலம் என்றால், ஒரு தொகுதி முழுவதற்குமான நிதியில் பெரும்பங்கு அதற்கே போய்விடும் என்பதால், எந்த உறுப்பினரும் தயங்குவார். அத்தகைய பாலங்கள் பெரும்பாலும் ஊரக வளர்ச்சிக்குக் கடன் தரும் நபார்டு வங்கியின் கடனுதவியுடன் கட்டப்படுகின்றன. அப்போது நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது பணத்தை அல்ல. நபார்டு கடனுதவிக்கான பணிகளின் பட்டியலில் உங்கள் பாலத்தைச் சேர்க்கும்படி துறைக்கு அவர் எழுத வேண்டிய கடிதத்தை. ஒன்றியப் பொறியாளரிடம் உத்தேச மதிப்பீட்டுத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மீண்டும் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகாதீர்கள்.

போவதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் தொகுதியில் மேம்பாட்டு நிதியிலிருந்து பரிந்துரைக்கப்பட்ட பணிகள், ஊர் வாரியாக, தொகை வாரியாக, முடிந்தவை எவை, முடியாதவை எவை என்ற பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. உங்கள் ஊராட்சிக்கு மூன்று ஆண்டுகளில் ஒரு பணியும் வரவில்லை என்பது அந்தப் பட்டியலில் தெரியவந்தால், அதை மரியாதையாகச் சட்டமன்ற உறுப்பினர் முன் வைத்துவிட்டுப் பேசலாம். ஒன்பது கோடி ரூபாய்க்கான கணக்குப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவரிடம் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்புவது கடினம்.

மறுமொழி: தொகுதி அலுவலகத்தில் இருந்தவன்

மேலே ஐயா எழுதியது முற்றிலும் சரி. நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் ஆறு ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். கட்சியின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம்.

திருமண மண்டபத்தில் கொடுத்த மனு என்ன ஆகும் என்று கேட்டால், மனம் வருந்தாதீர்கள், பெரும்பாலும் தொலைந்துபோகும். முகூர்த்த நாளில் எட்டுத் திருமணம், இரண்டு காதுகுத்து, ஒரு துக்க வீடு என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். கைக்கு வரும் தாள்களையெல்லாம் மொய்க் கவர்களுக்கும் அழைப்பிதழ்களுக்கும் நடுவே ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்வேன். இரவு பதினொரு மணிக்கு அந்தப் பையைக் கொட்டிப் பிரிக்கும்போது, யார் கொடுத்தார்கள், என்ன பேசினார்கள் என்பது நினைவில் இருக்காது. தொகுதி அலுவலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்தத் தேவைக்காகவே வருவார்கள்: இடமாறுதல், பட்டா, கல்லூரியில் இடம், அரசு மருத்துவமனையில் ஒரு சொல். ஊருக்காக என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருவது அரிது. அப்படி வந்தவர்கள் இரண்டாம் முறையும் வந்தால், உறுப்பினர் தாமாகவே என்னிடம் "அந்த ஊர் விஷயம் என்ன ஆயிற்று" என்று கேட்பார். மூன்றாம் முறை வருவதற்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கே வந்துவிடும். மூன்று மனுக்கள் கொடுத்தீர்கள் என்கிறீர்கள். எத்தனை பேராகப் போனீர்கள், எத்தனை நாள் இடைவெளியில் போனீர்கள் என்பது அதைவிட முக்கியம்.

ஓர் உறுப்பினரால் எது முடியும், எது முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா இடும் உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால் பதவியே போய்விடும். ஆகவே, இந்த மசோதாவை எதிர்த்து வாக்களியுங்கள் என்று தொகுதி மக்கள் தனி ஓர் உறுப்பினரை நெருக்குவதால் பயன் இல்லை. ஆனால் கேள்வி கேட்பதை எந்தக் கொறடாவும் தடுப்பதில்லை. இந்தக் கருவியை நம் மக்கள் பயன்படுத்துவதே இல்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை. நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதல் கேட்பது, மீது விவாதம் நடக்கும். அதற்கு முன்பே எங்கள் அலுவலகத்தில் கேள்விகளைத் திரட்டத் தொடங்குவோம். உண்மையைச் சொன்னால், என்ன கேட்பது என்று தெரியாமல் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் ஒரு ஊரார் வந்து, இன்ன ஒன்றியத்தில் இன்ன சாலையில் இன்ன கிலோமீட்டரில் உள்ள தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக மாற்றும் திட்டம் அரசிடம் உள்ளதா என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், நாங்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம்.

அந்தக் கேள்வி அவையில் வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படுகிறதா என்பது இரண்டாம் விஷயம். கேள்வி ஏற்கப்பட்டுவிட்டாலே, துறைச் செயலகத்திலிருந்து தலைமைப் பொறியாளருக்கும், அவரிடமிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கும் விவரம் கேட்டு விரைவாக ஓலை போகும். அப்போது ஒன்றியப் பொறியாளர் உங்கள் ஓடைக்கு வந்து நின்று பார்த்தே ஆக வேண்டும். அமைச்சர் அவையில் செய்து தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், அது நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே பேரவையில் உறுதிமொழிக் குழு இருக்கிறது. மனுக்கள் குழு என்று இன்னொன்றும் உண்டு. அது மாவட்டம் மாவட்டமாகப் போகும். வருவதற்கு முன் பொதுமக்களிடம் மனுக்கள் கேட்டுச் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். உங்கள் மாவட்டத்துக்கு அறிவிப்பு வந்தால் தவறவிடாதீர்கள்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர், கட்சி வேறுபாடு இல்லாமல் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, அவரவர் தொகுதியில் நீண்ட காலமாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டார். உங்கள் உறுப்பினர் கொடுத்த பத்தில் உங்கள் ஓடைப் பாலம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்பது நல்ல தொடக்கக் கேள்வி.

மறுமொழி: ஓடைக்கரைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. சாலைப் பதிவேடு என்ற ஒன்று இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மூன்று முறையும் நானும் என் உறவினர் ஒருவரும் மட்டுமே போனோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது.

ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊரில் ஆண்கள் பாதிப்பேர் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலையில் இருக்கிறார்கள். கிராம சபை கூடினால் வருவது முப்பது பேர்தான்; அவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த நிலையில் ஏழெட்டுப் பேரைத் தொடர்ந்து அழைத்துப் போவது எப்படி?

மறுமொழி: குழுத் தலைவி

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். ஆண்கள் ஊரில் இல்லை என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் ஊரில்தானே இருக்கிறார்கள்? பிள்ளைகளை ஓடை வரை கொண்டுபோய் விடுபவர்கள் அவர்கள்தானே? உங்கள் ஊரில் எத்தனை மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் கூடும் பழக்கம், நோட்டு எழுதும் பழக்கம், ஆளுக்கு ஒரு பொறுப்பு என்ற பழக்கம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை நாலரை மணிக்கு வரும் நகரப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். பள்ளி விட்டு வரும் பெண் பிள்ளைகள் ஆறரை மணி வண்டிக்குக் காத்திருந்து, இருட்டில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. பணிமனையில் கேட்டால், அந்த நடையில் ஆள் ஏறவில்லை, நட்டம் என்றார்கள். 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பிள்ளைகளுக்குப் பயண அட்டை. அப்படியிருக்க, வசூலை மட்டும் பார்த்தால் ஆள் இல்லாதது போலத்தானே தெரியும்? நாங்கள் பதினைந்து நாள், ஆளுக்கு ஒரு நாளாகப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, நாலு மணியிலிருந்து ஆறரை வரை அங்கே காத்திருப்பவர்களை எண்ணி, குழு நோட்டிலேயே எழுதினோம். தேதி, மாணவிகள் எத்தனை, கூலிக்குப் போய்த் திரும்பும் பெண்கள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை என்று நாலு கட்டம். சராசரி 46 பேர் வந்தது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு 27 பேர் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனோம். சத்தம் போடவில்லை, வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அங்கிருந்தே கிளை மேலாளருக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டு மாதம் கழித்து வண்டி திரும்ப வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் வருவதில்லை; அதற்காக மறுபடி போய்க்கொண்டிருக்கிறோம்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். குடியரசு நாள், மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூட்டியே ஆக வேண்டும். அதற்குக் குறைவெண் வரம்பு உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். முப்பது பேரை வைத்து நடத்திய கூட்டம் சட்டப்படி கூட்டமே ஆகாது. நாங்கள் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போவோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை அங்கேயே உரக்க வாசிக்கச் சொல்வோம். வாசித்து முடிக்கும் வரை கையெழுத்துப் போட மாட்டோம். ஒரு முறை, நாங்கள் சொன்ன தெருவின் பெயருக்குப் பதிலாக வேறு தெருவின் பெயர் எழுதப்பட்டிருந்தது அப்படி வாசிக்கும்போதுதான் தெரிந்தது. பிறகு அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனுவோடு அது இணைந்திருந்தால், இரண்டு பேர் கேட்பதாக யாரும் நினைக்க முடியாது.

மறுமொழி: மேலூர்ப் பக்கத்து விவசாயி

சகோதரி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கிராம சபைத் தீர்மானம் ஒரு தொடக்கம்தான்; அதை நிறைவேற்றிவிட்டுக் காத்திருந்தால் எதுவும் நடக்காது. காஞ்சிபுரம் அருகே திட்டமிடப்பட்ட பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் நிறைவேற்றினார்கள். அரசு நிலமெடுப்பைக் கைவிடவில்லை.

எங்கள் பகுதியில் நடந்தது வேறு. 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, எங்களில் பலருக்கு டங்ஸ்டன் என்றால் என்னவென்றே தெரியாது. ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டியும் வருகிறது. குடைவரைக் கோயிலும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டும் உள்ள ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசே அறிவித்த ஊர். அந்த மாதமே கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம். அதோடு நிற்காமல், யாரிடம் எதைக் கேட்பது என்பதைப் பிரித்துக்கொண்டோம். சட்டமன்றத்தில் இருப்பவர்களிடம், பேரவையில் தீர்மானம் கொண்டுவாருங்கள் என்றோம். டிசம்பர் 9 அன்று பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நாடாளுமன்றத்தில் இருப்பவர்களிடம், அங்கே எழுப்புங்கள் என்றோம். மத்தியில் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர்களிடம், சுரங்கத் துறை அமைச்சரை நாங்கள் சந்திக்க வழி செய்யுங்கள் என்றோம். எந்தக் கட்சிக்காரரையும் ஊருக்குள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் கட்சியின் கொடியையும் முன்னால் பிடிக்கவும் விடவில்லை.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தோம். வெளியே வந்த செய்திகளில் அந்தக் கூட்டம் பெரிதாகத் தெரிந்தது. நான் பார்த்தது, நாற்று நடவை அரைகுறையாக விட்டுவிட்டு, முழங்காலில் சேறு காயாமல் வந்து நின்ற பெண்களை. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. பிரதிநிதிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசியதற்குக் காரணம், பேசாமல் இருந்தவர் எவர் என்பது எல்லா ஊர்களிலும் தெரிந்துபோகும் நிலை உருவானதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களுடையது ஓர் ஓடைப் பாலம். இவ்வளவு பெரிய திரட்சி தேவையில்லை. ஆனால் அந்த வழியைப் பயன்படுத்தும் பக்கத்து ஊர்கள் எவை என்று பாருங்கள். இரண்டு ஊராட்சிகள் சேர்ந்து கேட்டால் அதன் எடை வேறு.

மறுமொழி: சட்டம் படிப்பவர்

எல்லோருடைய மறுமொழிகளையும் படித்தேன். ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பாலம், பேருந்து, தெருவிளக்கு என்று சட்டமன்ற உறுப்பினரிடமே எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, சட்டம் இயற்றுவதற்காக அனுப்பியவரைப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவராக நாம் மாற்றிவிட்டோம். பாலம் கட்டுவது நிர்வாகத்தின் கடமை. ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் தந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்து என்று எத்தனை பேர் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்டோம்? ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இருந்திருந்தால், இந்த ஓடைக்காக ஐயா இவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்காது.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், உழவர் அமைப்பைச் சேர்ந்த கிராம மக்கள், தங்கள் ஊர்ப் பணிகளின் கூலிப் பட்டியலைக் காட்டுங்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். இறந்தவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊர் நடுவே வாசித்துக் காட்டினார்கள். அதற்கான உரிமையைச் சட்டமாக்கு என்று 1996இல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். அது நாடு முழுவதும் பரவி, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. மேலே முதல் மறுமொழியில் சொல்லப்பட்ட 10 ரூபாய் விண்ணப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. கணக்கைக் கேட்பதில் தொடங்கிச் சட்டத்தைக் கேட்பது வரை அவர்கள் போனார்கள். நாமும் பாலத்தைக் கேட்கும் அதே மனுவில், உள்ளாட்சித் தேர்தலையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

மறுமொழி: தொகுதி அலுவலகத்தில் இருந்தவன்

கொள்கையளவில் தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரே மனுவில் இரண்டு கோரிக்கைகள் இருந்தால், எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். நானே அப்படிச் செய்திருக்கிறேன். தேர்தல் கோரிக்கையைத் தனித் தாளில், தனி நாளில் கொடுங்கள். பாலத்துக்கான மனு ஒரே பக்கமாக இருக்கட்டும். சாலையின் பெயரும் பதிவேட்டு விவரமும் முதல் வரியில். கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டாவதில். அவர் செய்ய வேண்டிய ஒரே செயல் மூன்றாவதில். புகைப்படமும் தீர்மான நகலும் பின்னால் இணைப்பாக வரலாம். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மறுமொழி: ஓடைக்கரைவாசி

கடந்த பத்து நாளில் செய்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேட்டைப் பார்த்தோம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியச் சாலை. ஓடை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மனு ஏன் சுற்றியது என்பது இப்போது விளங்குகிறது. பொறியாளர் முதலில் பேசவே தயங்கினார். எங்களோடு வந்த ஆறு பெண்களும் நகராமல் நின்றதால், உயர்மட்டப் பாலம்தான் போட வேண்டும், அது தொகுதி நிதியில் அடங்காது என்று வாய்மொழியாகச் சொன்னார். ஆகவே நபார்டு பட்டியலுக்கான பரிந்துரையையும், பேரவையில் ஒரு கேள்வியையும் மட்டும் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். தகவல் உரிமை விண்ணப்பம் நேற்று அனுப்பப்பட்டது. எங்கள் ஊரில் ஒன்பது மகளிர் குழுக்கள் இருக்கின்றன. நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. தம்பி மகளும் அவள் தோழிகளும் தினமும் காலையில் கடப்பவர்களை எண்ணிக் குறிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் நாள் கணக்கு: எங்கள் ஊரிலிருந்து 38 பிள்ளைகள், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து 17 பிள்ளைகள்.

ஒரே ஒரு சந்தேகம். நேற்று இரவு மேற்கே நல்ல மழை. இன்று காலை தண்ணீர் பாலத்தின் மேல் ஏறிவிட்டது. இதை எப்படிப் பதிவு செய்தால் பொறியாளர் ஏற்றுக்கொள்வார்?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஒன்றிய ஊழியர்

முழங்கால் அளவு, இடுப்பளவு என்று எழுதாதீர்கள் ஐயா. பாலத்தின் இரு முனையிலும் நடுவிலும் அடிக்கோலை நிறுத்தி, தண்ணீர் தொடும் இடம் தெரியும்படி தேதி, நேரத்தோடு படம் எடுங்கள். நடுவில் எடுக்க யாரையும் இறக்க வேண்டாம். கரையிலிருந்தபடியே நீளமான மூங்கிலில் அடிக்கணக்கில் சிவப்பு வண்ணம் பூசி, ஊன்றிப் படம் எடுத்தால் போதும். காலை, மாலை இரண்டு வேளையும், தண்ணீர் பாலத்தை விட்டு இறங்கும் நாள் வரை எடுங்கள். மொத்தம் எத்தனை நாள் வழி அடைபட்டது என்ற எண்ணைத்தான் மதிப்பீடு தயாரிக்கும்போது நாங்கள் முதலில் தேடுவோம். இன்று முதல் நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.